சட்டைப் பையில் ஃபியூஸ்

ஊரில் உள்ள பல் டாக்டர்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் நாற்காலி பழுது பார்ப்பவர். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. அவர்கள் ‘நாற்காலி டாக்டர்’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார அட்டையில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஏறாத நாற்காலியை ஏற்றிவிடுவார். இறங்காததை இறக்கிவிடுவார். பக்கத்து அறையில் ட்ரில் சுற்றும் சத்தத்தைக் கேட்டே, “உள்ள பேரிங் தேய்ஞ்சுபோச்சு, இன்னும் பத்து நாள் ஓடும்” என்பார். பத்தாம் நாள் அது சொல்லிவைத்தாற்போல நின்றுவிடும். அப்பேர்ப்பட்ட காது.

அப்பேர்ப்பட்ட மனிதர் இந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவைகூட அந்த நாற்காலியில் சாய்ந்து படுத்ததில்லை. அவருக்குப் பல் வைத்தியம் என்றால் பயம்.

பழுது பார்த்து முடித்ததும் நாற்காலி ஆள் எடையைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் மற்றவர்கள் தாங்களே ஏறிப் படுத்து, மேலே ஒரு தடவை கீழே ஒரு தடவை போய் வந்து, கையைத் தட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஒரு நிமிஷ வேலை. நம்மவர் அதற்கென்று ஐந்து மணல் மூட்டைகள் வைத்திருந்தார். தலைக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, வயிற்றுக்கு, தொடைக்கு, காலுக்கு என்று மொத்தம் அறுபது கிலோ. அதைச் சிறிய தள்ளுவண்டியில் கட்டி, மாடிப்படி இருந்தால் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து, மூச்சு வாங்கக் கொண்டுபோய் அடுக்குவார். “மனுஷன் ஏறினா அசைவான், எடை ஒரே மாதிரி நிக்காது. மூட்டைதான் சரி” என்று டாக்டர்களுக்கு விளக்கமும் சொல்வார். அவர்களும் ஆகா, என்ன தொழில் பக்தி என்று மெச்சினார்கள். பயம் கொஞ்சம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தால் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை, என்ன செய்வது!

அந்த மூட்டைகளைத் தைத்துக் கொடுத்தது அவர் மனைவி. வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து, சோபா உறைகளும் திரைச்சீலைகளும் தைத்துக் கொடுப்பவள். பழுப்பு ரெக்ஸினில் இரட்டைத் தையல் போட்டு ஐந்தையும் முடித்தவள், விளையாட்டாகத் தலை மூட்டையில் சிவப்பு நூலால் ஒரு வாயும் தைத்துவிட்டாள். இறுக மூடிய வாய். “எனக்குத்தான் கூடப்பிறந்தவன் கிடையாதே, இவர் இருந்துட்டுப் போகட்டும்” என்று அதற்கு உறவுமுறையும் கொடுத்தாள். அன்றிலிருந்து அது அவருக்கு மச்சான். காலையில் அவர் வேனை எடுக்கும்போது, “மச்சானை ஏத்தியாச்சா?” என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

பயம் எங்கே பிடித்தது என்றால், நாற்காலிக்கு அடியில். நோயாளி படுத்திருக்கும்போதே சில நேரம் நாற்காலி பாதியில் நின்றுபோகும். இவர் ஓடிப்போய்த் தரையில் மல்லாந்து படுத்து, தலையை அடியில் நுழைத்துக்கொள்வார். அங்கிருந்து பார்த்தால் ஆளின் முகம் தெரியாது. கால்மாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். எத்தனை பாதங்கள்! காவல்காரர் ஒருவருடையது, பஸ் ஓட்டுபவர் ஒருவருடையது, நாலு பேரை ஒரே கையால் தூக்கக்கூடிய ஒரு பயில்வானுடையது. மேலே ட்ரில் சத்தம் கிளம்பியதும் எல்லாப் பாதங்களும் ஒரே மாதிரிதான். கட்டைவிரல் உள்ளே மடங்கும். மற்ற நான்கும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு சுருங்கும். முகம் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்று அவருக்கு அங்கேதான் தெரிந்தது. வேலை முடிந்ததோ இல்லையோ, திருகாணியை முறுக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்துவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் அதே பயம் வேடிக்கையாகிவிடும். சாப்பாட்டு மேசையில் கை விரல்களைக் கால் விரல்களாக்கி நடித்துக் காட்டுவார். “இது பயில்வான்... ட்ரில் கிளம்புது... பாரு, பாரு, கட்டைவிரல் எங்க ஒளியுது பாரு!” மனைவி இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தக் கன்னத்தில் கை வைத்த சிரிப்பு அவருக்கு மிகவும் பிடிக்கும். அதற்காகவே புதுப் பாதங்களைச் சேர்த்துச் சேர்த்துச் சொல்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிதான் ஒரு திங்கட்கிழமை வந்து முட்டியது. வலது பக்கம், கீழ்வரிசை, கடைசிப் பல். மூன்று வாரமாக அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். வெந்நீர், உப்பு, கிராம்பு, மாத்திரை என்று எல்லாம் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை கம்பிரசர் பழுது என்று டாக்டரம்மா ஒருவர் கூப்பிட்டிருந்தார். இருபது வருஷமாக இவர் போய்வரும் இடம். டாக்டரம்மா இவர் முகத்தைப் பார்த்ததும் கம்பிரசரை மறந்துவிட்டார்.

“வாயைத் திறங்க.”

“உட்கார்றதெல்லாம் வேண்டாம் டாக்டர், இப்படியே நிக்கறேன்.”

நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்தார். “என்ன ஐயா இது, இவ்வளவு சீழ் கட்டியிருக்கு! இந்த வாரத்துக்குள்ள இதை எடுத்தே ஆகணும். விட்டீங்கன்னா தாடை எலும்புக்குள்ள இறங்கிடும். அப்புறம் என் நாற்காலி பத்தாது, பெரிய ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கணும். விளையாட்டு இல்ல. வியாழக்கிழமை நாலு மணிக்கு வாங்க.”

அவர் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன, தலை இருக்கிறவன் ஆட்டத்தானே செய்வான். மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விஷயத்தை மனைவியிடம் சொன்னார்.

அந்த மாத்திரைகள் வலியைக் குறைத்ததைவிட உலகத்தைத்தான் மெதுவாக்கின. செவ்வாயும் புதனும் ஒரு மாதிரி மிதந்து கழிந்தன. பகலில் படுத்தால் ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல் உள்ளே வந்து வெளியே போயிற்று. தையல் மிஷின் சத்தம் தூரத்தில் ஏதோ ரயில் கடப்பதாகக் கேட்டது. ரயில் நின்றது. மனைவி யாரிடமோ போனில் பேசினாள். பிறகு ரயில் மறுபடி கிளம்பியது. அவர் அந்த ரயிலில் ஏறி எங்கேயோ போய்க்கொண்டே இருந்தார். இறங்க வேண்டிய ஊர் வியாழக்கிழமை என்று மட்டும் ஞாபகம் இருந்தது.

வியாழன் மதியம், ஆறவைத்த சூப்பை மேசையில் வைத்துவிட்டு மனைவி சொன்னாள். “நாலு மணிக்கு நானும் அங்க வந்துடறேன்.”

“நீ எதுக்கு?”

“சும்மா. துணைக்கு.”

“நான் மூணு மணிக்கே போகணும். நாற்காலிக்குச் சர்வீஸ் இருக்கு. அதை முடிச்சுட்டு அப்படியே உட்கார்ந்துடுவேன்.”

அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். “சரி, மச்சானை மறந்துடாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

சர்வீஸ் இருந்தது உண்மைதான். ஆனால் அது அடுத்த மாதம். கதையை அதற்குள் புரிந்துகொண்டிருப்பீர்கள். மனிதர் இரண்டு நாளாக மிதந்தது சும்மா இல்லை. மிதந்தபடியே ஒரு திட்டம் போட்டிருந்தார்.

மூன்று மணிக்கு நர்ஸம்மா கதவைத் திறந்துவிட்டு, முன்னறையில் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றப் போய்விட்டாள். உள்ளறையில் அவர் மட்டும். தேய்த்த கண்ணாடி ஜன்னல் வழியாக வந்த வெயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தது. நாற்காலி அந்த வெளிச்சத்தின் நடுவே பச்சை நிறத்தில், கைகளை விரித்து, அவருக்காகவே காத்திருந்தது. இந்த நாற்காலிக்கு மூன்று தடவை மோட்டார் மாற்றியிருக்கிறார். ஒரு தடவை தோல் மாற்றியிருக்கிறார். அந்தத் தோலைத் தைத்தவள்கூட மனைவிதான். அவ்வளவு பழக்கமான நாற்காலி அன்றைக்கு அவரை முன்பின் பார்த்திராததுபோல் பார்த்தது.

மூட்டைகளை அடுக்கினார். கால் சுவிட்சை மிதித்தார். மச்சான் மெல்ல மேலே போனார், சாய்ந்தார், தலையைத் தாழ்த்தினார், மறுபடி எழுந்து உட்கார்ந்தார். எல்லாம் கச்சிதம். மூட்டைகளை இறக்கி மூலையில் வைத்தார். பிறகு மண்டியிட்டு, நாற்காலியின் அடிப்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கண்ணாடி ஃபியூஸைத் திருகி எடுத்தார். சுண்டுவிரலில் பாதி நீளம். உள்ளே மயிரிழை மாதிரி ஒரு கம்பி. அது வெளியே வந்ததும் மேலே விளக்கு அணைந்தது. நாற்காலியின் மெல்லிய முனகல் நின்றது. ட்ரில், தண்ணீர், விளக்கு எல்லாவற்றுக்கும் உயிர்நாடி அந்த ஒன்றுதான்.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா வந்து சுவிட்சைப் போடுவார், ஒன்றும் ஓடாது. “ஐயையோ, சாமான் வெளியூர்லருந்து வரணும் டாக்டர், ஒரு வாரம் ஆகும்” என்று இவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்வார். ஒரு வாரத்தில் மாத்திரையே குணப்படுத்தினாலும் படுத்திவிடும், யார் கண்டது? இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு மிஷினை ஓட வைத்திருக்கிறாரே தவிர, ஓடுகிற மிஷினை நிறுத்தியதில்லை. அது நெஞ்சில் உறுத்தாமல் இல்லை. ஆனால் உறுத்தலைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. மூலையிலிருந்து மச்சான் சிவப்பு வாயை இறுக மூடிக்கொண்டு அவரையே பார்த்தார். “நீயாவது சும்மா இரு” என்று சொல்லிவிட்டு, முன்னறைக்குப் போய் நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்தார்.

மீன்தொட்டியில் ஒரே ஒரு சிவப்பு மீன். தண்ணீர்க் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் செருகியது.

கரை தெரியாத ஒரு பெரிய நீர்ப்பரப்பு. அலை இல்லை. அதன்மேல் அவர் இதுவரை பழுது பார்த்த நாற்காலிகள் எல்லாம் மிதந்தன. நீலம், பச்சை, கிழிந்துபோன பழுப்பு. எல்லாம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை படுத்திருந்தது. ஒரே ஒரு நாற்காலி மட்டும் காலி. அவர் தோளில் தலை மூட்டையைச் சுமந்துகொண்டு தண்ணீர்மேல் நடந்தார். கால் நனையவில்லை. இந்தக் காலி நாற்காலி யாருக்கு என்று வழியில் ஒவ்வொரு மூட்டையிடமும் கேட்டார். ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. பிறகு எங்கிருந்தோ தெரிந்த குரல் ஒன்று, “எனக்குத்தான்” என்றது.

கண்ணைத் திறந்தார். மனைவி எதிரே நின்றிருந்தாள். நர்ஸம்மா நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாலு மணி உங்களுக்குத்தானே அம்மா? உள்ள போங்க, டாக்டர் வந்துட்டாங்க.”

“அவளுக்கா?” அவர் துள்ளி எழுந்தார். “நாலு மணி எனக்குத்தானேம்மா?”

“உங்களுக்கு நாலரை அண்ணே. அக்கா செவ்வாய்க்கிழமை போன் பண்ணிச் சொன்னாங்களே, அவருக்கு முன்னாடி நான்னு.”

“என்னது இது? உனக்கு என்ன?”

“எனக்கும் ஒண்ணு இருக்குங்க. நீங்க சும்மா உட்காருங்க” என்றவள், அவர் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டாள். திரும்பியிருந்தால் போயிருக்க மாட்டாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. கைப்பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. “நாற்காலி டாக்டரே, கொஞ்சம் வாங்க. ஒண்ணுமே ஓட மாட்டேங்குது.”

உள்ளே போனார். நாற்காலியில், இருபது வருஷமாக மூட்டைகளை மட்டுமே அவர் படுக்கவைத்த இடத்தில், அவர் மனைவி படுத்திருந்தாள். கண்களை மூடியிருந்தாள்.

“அம்மா, நீங்க கொஞ்சம் இறங்குங்க, அவர் பார்த்துடட்டும்” என்றார் டாக்டரம்மா.

“இல்லைங்க டாக்டர்.” கண் திறக்கவில்லை. “இறங்கினா மறுபடி ஏற மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். இதுக்கு மனசு வர எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. நான் இப்படியே கிடக்கறேன், அவர் அடியில பார்க்கட்டும்.”

அவர் நாக்கின் நுனியில் அந்த வாக்கியம் தயாராக நின்றது. சாமான் வெளியூர்லருந்து வரணும். ஒரு வாரம் ஆகும். சொல்லியிருந்தால் முடிந்தது கதை. ஆனால் வாய் வரவில்லை. ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, தலையை நாற்காலிக்கு அடியில் நுழைத்துக்கொண்டார். அங்கே ஒளிந்துகொள்வது அவருக்குப் பழக்கம்தானே.

மேலே டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

“என்னம்மா இது! இடது பக்கம் மூணு பல் போயிருக்கு. ஒண்ணு வேர் மட்டும்தான் இருக்கு. இதுல எப்படி மெல்றீங்க?”

“அந்தப் பக்கம் மெல்றதே இல்ல டாக்டர். ஒன்பது வருஷமா வலது பக்கம்தான்.”

“வீட்டுலயே இப்படி ஒரு ஆளை வச்சுக்கிட்டு ஏம்மா வரலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எந்த டாக்டரும் ஓடி வந்து பார்த்திருப்பாங்களே.”

“அவர் இருந்ததாலதான் வரலை.” குரல் தாழ்ந்தது. அடியில் இருப்பவருக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். அவர் காதைப் பற்றி அவளுக்குத் தெரியாதா, ஆனால் பயத்தில் மறந்திருப்பாள். “சாப்பிடறப்ப கால் விரல் கதை சொல்லுவார். அவர் சொல்ற அழகுக்குச் சிரிப்பு தாங்காது. சிரிச்சா பல்லு விண்ணுன்னு தெறிக்கும். கன்னத்தைப் பிடிச்சுக்குவேன். இத்தனை நாற்காலியைப் பார்த்த மனுஷனே இப்படிப் பயப்படறார்னா, அதுல என்னமோ இருக்குன்னு எனக்கும் பயம் பிடிச்சுக்கிச்சு. சொன்னா எனக்காகவும் சேர்த்துப் பயப்படுவார். எதுக்குன்னு விட்டுட்டேன்.”

“இப்ப மட்டும் எப்படி வந்தீங்க?”

“அவர் இன்னைக்கும் எப்படியாவது ஓடிடுவார் டாக்டர். நீங்க சீழ்னு சொன்னதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நான் ஏறிட்டா, வெட்கப்பட்டாவது ஏறுவாரேன்னுதான்...”

நாற்காலிக்கு அடியில் அவர் கண்ணைத் திறந்தார். கால்மாட்டில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இடது குதிகாலில் வெடிப்பு. வலது பாதத்தின்மேல், முன்பு கத்தரிக்கோல் விழுந்த தழும்பு. அன்றைக்கு ரத்தத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டவர் அவர்தான். ட்ரில் ஓடவில்லை. விளக்குகூட எரியவில்லை. அதற்குள்ளேயே இரண்டு கட்டைவிரல்களும் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் ஒட்டிச் சுருங்கியிருந்தன.

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. பக்கத்து அறை ட்ரில்லுக்கு நாள் குறித்துக் கொடுத்த காது இது. ஒன்பது வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் ஒரு பக்கமாக மெல்கிறாள் என்பது அந்தக் காதில் விழவில்லை. தான் சிரிக்கவைப்பதாக நினைத்து இத்தனை நாளும் அவளுக்கு வலியைத்தான் பரிமாறியிருக்கிறோம் என்று நினைத்தபோது, தன் பல்வலியே மறந்துபோயிற்று.

சட்டைப் பைக்குள் விரலை விட்டார். எத்தனையோ சின்னத் திருகாணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிய கையிலிருந்தே இப்போது ஃபியூஸ் நழுவியது. டைல்ஸ் தரையில் அது உருண்டு போகும் சன்னமான சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

“என்னங்க அது?” என்றாள் மேலே இருந்தவள். பாதங்கள் ஒரு தடவை உதறின. “முடியலைன்னா சொல்லிடுங்க, நான் இறங்கிடறேன்.”

“இரு, இரு! இறங்காத! ஒரு நிமிஷம்!”

வயிற்றால் ஊர்ந்தார். எச்சில் துப்பும் தொட்டிக்கு அடியில் இல்லை. அவளுடைய செருப்புகளுக்கு நடுவில் இல்லை. கன்னத்தைத் தரையில் வைத்துத் தேடினார். டைல்ஸின் குளிர்ச்சி வீக்கத்துக்கு இதமாக இருந்தது. ஒரு கணம் மறுபடி அந்த நீர்ப்பரப்பு வந்து போயிற்று. அதற்கு அந்தக் கரையில் மச்சானின் சிவப்பு வாய்க்குக் கீழே ஏதோ மின்னியது. கையை நீட்டி எடுத்தார். உடையவில்லை.

மாட்டித் திருகியதும் மேலே விளக்கு எரிந்தது. நாற்காலி தன் பழைய முனகலைத் தொடங்கியது.

“கைராசிக்காரர்!” என்றார் டாக்டரம்மா. “என்ன கோளாறு?”

லூஸ் காண்டாக்ட் என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் பாதிக் கோளாறுகளுக்கு அதுதான் பெயர். அவர் அடியிலிருந்தபடியே சொன்னார். “ஒரு கோளாறும் இல்ல டாக்டர். நான்தான் கழட்டினேன். பயந்துபோய், சட்டைப் பையில வச்சிருந்தேன்.”

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலேயிருந்து மனைவியின் குரல்தான் வந்தது.

“நீங்க பயந்தவர்னு எனக்குத் தெரியாதா? மூட்டை தைக்கச் சொன்ன அன்னைக்கே தெரியும்.”

“பேச்செல்லாம் அப்புறம். வாயைத் திறங்க அம்மா” என்றார் டாக்டரம்மா.

வழக்கமாக அவர் வெளியே போய்விடும் நேரம் இது. அன்றைக்குப் போகவில்லை. கால்மாட்டில் தரையிலேயே உட்கார்ந்து, அவள் இரண்டு பாதங்களையும் தன் கைகளில் எடுத்துக்கொண்டார். ஐஸ் மாதிரி இருந்தன. ஊசி இறங்கியபோது விரல்கள் இன்னும் இறுகின. அவர் பிடியை விடவில்லை. மேலே டாக்டரம்மா மெல்லிய குரலில் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். ட்ரில் கிளம்பியது. வெயில் ஜன்னலில் கொஞ்சம் நகர்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அவர் கைக்குள் ஏதோ அசைந்தது. சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது. அப்புறம் பக்கத்து விரல். கடைசியாகக் கட்டைவிரல் வெளியே வந்து நிமிர்ந்தது. ட்ரில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விரல்கள் மடங்குவதைப் பார்த்த கையோடு ஓடிவந்துவிடுவது அவர் வழக்கம். அவை மறுபடி விரிவதை அவர் ஒரு நாளும் இருந்து பார்த்ததில்லை. பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு இருபத்தாறு வருஷம் பயந்திருக்கிறார் என்பது அவருக்கு அங்கேதான் உறைத்தது. கண்ணில் நீர் முட்டியது. பல்வலி என்று நர்ஸம்மா நினைத்துக்கொண்டாள்.

நாலரைக்கு அவர் ஏறினார். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாய்ந்து படுத்ததும் அவர் கண்ணில் பட்டது கூரை. கூரை முழுக்க, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிவதுபோல, மரக்கிளைகளும் இலைகளும் நடுவே துண்டு வானமுமாக ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. ஒரு மூலை லேசாக உரிந்திருந்தது. இந்த அறைக்கு இருபது வருஷமாக வருகிறார். தரையில் எத்தனை டைல்ஸ் என்றுகூடச் சொல்வார். மேலே இப்படி ஒரு தோப்பு இருப்பது அவருக்குத் தெரியாது.

“இது எப்ப டாக்டர் ஒட்டினீங்க?”

“பதினைஞ்சு வருஷம் இருக்கும். வாயைத் திறங்க.”

கால் பக்கம் இரண்டு கைகள் அவர் பாதங்களைப் பிடித்தன. ஊசி குத்திக் குத்திக் கரடுதட்டிய விரல்நுனிகள். அவருக்கு யார் என்று தெரியும். வாய் மரத்தது. நாற்காலி தலைப் பக்கம் மெல்லத் தாழ்ந்தது. அந்த நீர்ப்பரப்பில் காலியாக இருந்த நாற்காலி இதுதான் என்று தோன்றியது. இலைகள் அசைந்தன. ட்ரில் கிளம்பியபோது அவர் கையை உயர்த்தினார்.

“என்ன, வலிக்குதா?”

“பேழிங்... பேழிங் தேஞ்சிழுக்கு...”

“அடடா, நீங்க இப்ப நோயாளி! சும்மா படுங்க!”

வேரை இரண்டாக வெட்டி, ஆட்டி ஆட்டி, பல்லை எடுத்து முடித்தபோது மணி ஐந்தேகால். வீடு திரும்பும்போது வேனில் இரண்டு பேரும் பேசவில்லை, பேச முடியவில்லை. அவருக்கு வலது கன்னத்தில் பஞ்சு, அவளுக்கு இடது கன்னத்தில். தலை மூட்டையை அவள் மடியில் வைத்திருந்தாள். மூன்று வாய்களும் மூடியிருந்தன. வழியில் ஒரு தடவை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கப் பார்த்தார்கள். ஆளுக்கு அரை வாய்தான் சிரித்தது.

அதன்பிறகு, போன பல்லுக்குப் பதில் பல் கட்டி முடிக்க, அவள் இன்னும் நாலைந்து தடவை போய்வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கூடப் போனார், பாதங்களுக்குக் காவலாக. மூட்டைகளைத் தூக்கிச் சுமப்பதையும் விட்டுவிட்டார். பழுது பார்த்ததும் தானே ஏறிப் படுத்துவிடுகிறார். இன்னும் முதல் நொடியில் கட்டைவிரல் மடங்கத்தான் செய்கிறது. காத்திருக்கிறார், விரிகிறது. மச்சான் ஓய்வு பெற்று, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வேலை விட்டு வரும்போது வறுத்த கடலை வாங்கி வருவது அவர் பழக்கம். ஆளுக்கொரு பொட்டலம் வாங்குவார். “எனக்குக் கடலை பிடிக்காதுங்க, நீங்களே சாப்பிடுங்க” என்று அவள் தன்னுடையதையும் அவர் பக்கம் தள்ளிவிடுவாள். தன்மேல் எவ்வளவு ஆசை பாரு என்று அவரும் ஒன்பது வருஷமாக மகிழ்ந்துபோய் இரண்டையும் மென்றிருக்கிறார். அன்றைக்கு ஒரே பொட்டலம்தான் கிடைத்தது. மேசையில் பிரித்து வைத்தார்.

ஜன்னல் திரை உள்ளே வந்து வெளியே போயிற்று. அவள் தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை மடியில் போட்டுவிட்டு, ஒரு கடலையை எடுத்தாள். விரல்களுக்கு நடுவே உருட்டித் தோலை உதிர்த்தாள். யோசித்தாள். பிறகு அதை வாயின் இடது பக்கம் ஒதுக்கிக் கடித்தாள்.

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். சின்னச் சத்தம்தான். சுத்தமான சத்தம்.

“எப்படி இருக்கு?”

அவள் இன்னொன்றை எடுத்து அதே பக்கம் போட்டாள். அவர் பொட்டலத்தைத் தன் பக்கத்திலிருந்து மேசையின் நடுவுக்கு நகர்த்தினார். அவள் அதை மொத்தமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.